கியர் மாற்றுக்கோல் குமிழின் உயரம்

கியர் மாற்றுக்கோல் குமிழ் என்பது, கையால் கியர் மாற்றப்படும் தானுந்துகளில் மாற்றுக்கோலின் மேல்முனையில் பொருத்தப்பட்டுள்ள கைப்பிடி ஆகும். பேச்சு வழக்கில் இது கியர் நாப் எனவும் அழைக்கப்படுகின்றது. இக்குமிழ் எவ்வளவு உயரத்தில் அமைந்துள்ளது என்பதைப் பொறுத்து, கியர் மாற்றும்போது ஓட்டுநரின் கை நகரும் தொலைவும் அதற்குத் தேவையான விசையும் மாறுபடுகின்றன. விளையாட்டுத் தானுந்து உரிமையாளர்கள் பலர் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட குமிழை 10 முதல் 40 மில்லிமீட்டர் வரை தாழ்த்திக்கொள்வது உண்டு. இது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் கியர் தெரிவின் துல்லியம், பின்னோக்கு கியரின் பாதுகாப்புப் பூட்டு, திருகுமரையின் உறுதி ஆகியவற்றையும் பாதிக்கக் கூடியது.

தமிழ்நாட்டில் தானுந்து உற்பத்தியும் தானுந்துப் பந்தயமும் ஒரே இடத்தில் நடைபெறும் பகுதி, காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் வட்டத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ஆகும். எனவே இக்கட்டுரையில் அப்பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

## அமைப்பு

தரையில் அமைந்த மாற்றுக்கோல் ஒரு முதல் வகை நெம்புகோல் ஆகும். அதன் நடுப்பகுதியில் ஒரு பந்துமூட்டு இருக்கும். இதுவே சுழலிடம். சுழலிடத்துக்கு மேலே குமிழ் வரை உள்ள பகுதி மேற்கை எனவும், கீழே கம்பி வடத்துடனோ இணைப்புத் தண்டுடனோ பொருந்தும் பகுதி கீழ்க்கை எனவும் கொள்ளப்படும். குமிழை முன்னே தள்ளினால் கீழ்முனை பின்னே நகரும். இந்நகர்வு கியர்பாக்ஸ் எனப்படும் பற்சக்கரப் பெட்டிக்குக் கடத்தப்பட்டு, அங்குள்ள தெரிவுக் கவையை நகர்த்தி, உரிய பற்சக்கர இணையைத் தண்டுடன் பிணைக்கின்றது.

சுழலிடம் பெரும்பாலும் இரு இருக்கைகளுக்கும் இடையே உள்ள மூடுபெட்டிக்கு உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரியும் கோலின் நீளமும், கணக்கில் கொள்ள வேண்டிய உண்மையான மேற்கை நீளமும் ஒன்றல்ல. குமிழின் உயரத்தைச் சுழலிடத்தின் மையத்திலிருந்தே அளக்க வேண்டும்.

## வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் மாற்றுக்கோல் வண்டியின் வெளிப்பக்கத்தில், ஓட்டுநரின் இருக்கையை ஒட்டி, நீண்ட கைப்பிடியாக அமைந்திருந்தது. அக்காலத்துப் பற்சக்கரங்கள் நேரடியாக ஒன்றோடொன்று மோதிப் பிணைந்ததால் மிகுந்த விசை தேவைப்பட்டது. நீண்ட கோல் அவ்விசையைக் கைக்கு எளிதாக்கியது. 1928ஆம் ஆண்டு கடிலாக் தானுந்துகளில் சிங்க்ரோமெஷ் எனப்படும் ஒத்தியக்க அமைப்பு அறிமுகமானது. அது பரவிய பின்னர்த் தேவையான விசை குறைந்து, குட்டையான மாற்றுக்கோல் நடைமுறைக்கு ஏற்றதானது.

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய தானுந்துகளில் மாற்றுக்கோல் திசைமாற்றுச் சக்கரத்தின் தண்டிலேயே அமைந்திருந்தது. பின்னாளில் வந்த சில வகைகளில் அது தரைக்கு மாற்றப்பட்டது. சென்னையின் தென்புறத்தில், வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் உற்பத்தி செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தரையில் மாற்றுக்கோல் கொண்டது. அப்பகுதி அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019இல் மீண்டும் உருவான செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கியது. 1983 இறுதியில் வெளிவந்த மாருதி 800 பரவலான பின்னர், தரை மாற்றுக்கோலே இந்தியாவில் பொது வழக்காயிற்று.

## நெம்புகோல் விதி

நெம்புகோலில் விசையைச் சேமித்தால் தொலைவைச் செலவிட வேண்டும். தொலைவைச் சேமித்தால் விசையைச் செலவிட வேண்டும். நிலத்துக்கு நீர் இறைத்த ஏற்றம், பழைய துலாக்கோல், காஞ்சிபுரத்துக் குழித்தறியில் நெசவாளர் காலால் அழுத்தும் மிதிபலகை ஆகிய அனைத்தும் இவ்விதிக்கு உட்பட்டவை. மிதிபலகையின் முனையில் கால் வைத்தால் எளிதில் அழுந்தும், ஆனால் கால் அதிகத் தொலைவு இறங்க வேண்டும். பலகை பிணைக்கப்பட்ட இடத்துக்கு அருகில் கால் வைத்தால் குறைந்த தொலைவு போதும், ஆனால் அழுத்தம் கூடும். குமிழைத் தாழ்த்துவதும் இத்தகையதே.

கீழ்க்கை 45 மில்லிமீட்டர் நீளம் உடையது எனவும், ஒரு கியர் விழுவதற்கு அதன் முனை 15 மில்லிமீட்டர் நகர வேண்டும் எனவும், அங்கு 160 நியூட்டன் விசை தேவை எனவும் கொள்வோம். உராய்வையும் கோலின் எடையையும் நீக்கிக் கணக்கிட்டால் கிடைக்கும் அளவுகள் பின்வருமாறு:

| சுழலிடத்திலிருந்து குமிழின் உயரம் | கை நகரும் தொலைவு | கைக்குத் தேவையான விசை |
|---|---|---|
| 180 மி.மீ. | 60 மி.மீ. | 40 நியூட்டன் |
| 165 மி.மீ. | 55 மி.மீ. | சுமார் 44 நியூட்டன் |
| 150 மி.மீ. | 50 மி.மீ. | 48 நியூட்டன் |
| 135 மி.மீ. | 45 மி.மீ. | சுமார் 53 நியூட்டன் |

40 நியூட்டன் என்பது ஏறத்தாழ 4 கிலோகிராம் பொருளைத் தாங்குவதற்கான விசை. குமிழை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் தொலைவு ஆறில் ஒரு பங்கு குறைகின்றது, விசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகின்றது. தொலைவையும் விசையையும் பெருக்கிக் கிடைக்கும் வேலையின் அளவு ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றே. கோல் சாயும் கோணமும் மாறுவதில்லை. குமிழைத் தாழ்த்துவதால் பற்சக்கரப் பெட்டியின் உள்ளே எதுவும் மாறுவதில்லை என்பதே இதன் பொருள்.

## ஒத்த பிற மாற்றங்கள்

குறுவீச்சு மாற்றுக்கோல்: இதில் சுழலிடம் மேலே நகர்த்தப்படும் அல்லது கீழ்க்கை நீட்டப்படும். குமிழ் பழைய உயரத்திலேயே இருக்கக் கையின் நகர்வு மட்டும் குறையும். விசை இதிலும் கூடும். மாற்றுக்கோல் முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டியிருப்பதால் செலவும் உழைப்பும் அதிகம். குறுவீச்சுக் கோலையும் தாழ்ந்த குமிழையும் ஒருங்கே பொருத்தினால் இரண்டின் விளைவும் பெருகும். சில வண்டிகளில் இது கையை வருத்தும் அளவுக்குச் செல்லக்கூடும்.

எடை கூடிய குமிழ்: எஃகு போன்ற அடர்ந்த உலோகத்தால் செய்யப்பட்ட குமிழ், ஒருமுறை நகரத் தொடங்கிய பின் தன் உந்தத்தால் தொடர்ந்து நகர முயலும். கியர் விழும் இடத்தில் உணரப்படும் தடை இதனால் சற்று மென்மையாகின்றது. தாழ்த்தப்பட்ட குமிழ்கள் பல எடை கூடியனவாகச் செய்யப்படுவதற்கு இது ஒரு காரணம். எனினும் ஓய்விலிருந்து கோலை நகர்த்தும் சராசரி விசையை இது குறைப்பதில்லை.

## தாழ்த்தும் முறைகள்

1. குட்டையான குமிழைப் பொருத்துதல்: மிக எளிய முறை. உருண்டை வடிவக் குமிழ்கள் உயரமான பேரிக்காய் வடிவக் குமிழ்களைவிடத் தாழ்வாக அமர்பவை. மரையின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். மாஸ்டா எம்எக்ஸ்-5 தானுந்தில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மரையும், ஓண்டா தானுந்துகளில் பொதுவாக 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மரையும் உள்ளன. விட்டம் ஒன்றாக இருப்பதால் தவறான குமிழும் முதல் சில சுற்றுகள் ஏறும். வலிந்து திருகினால் மரை அழிந்துவிடும்.

2. ஆழமான துளையுள்ள குமிழைப் பொருத்துதல்: குமிழின் அடிப்பகுதியில் மரையற்ற அகன்ற துளை இருக்கும். கோலின் தடித்த பகுதி அதனுள் நுழைவதால் குமிழ் மேலும் கீழே இறங்கும். கோலை வெட்ட வேண்டியதில்லை என்பதால் பழைய நிலைக்குத் திரும்பவும் இயலும்.

3. கோலில் மரையை நீட்டி, மேல்முனையை வெட்டுதல்: லேத் பட்டறையில் கோலின் தடித்த பகுதியைக் கடைந்து, டை கொண்டு மரையிட்டு, மிகுந்த நீளத்தை வெட்டிவிடுவர். இது திரும்பப் பெற இயலாத மாற்றம். சில கோல்கள் உள்தண்டு, வெளிக்குழாய், இடையே அதிர்வைத் தடுக்கும் ரப்பர் என மூன்று அடுக்குகளால் ஆனவை. அத்தகைய கோலை வெட்டினால் அது தளர்ந்து ஆடத் தொடங்கும்.

4. கோலை வளைத்தல்: குமிழை ஓட்டுநரை நோக்கியும் கீழ்நோக்கியும் கொண்டுவர உதவும். பொருத்தப்பட்ட நிலையில் வளைத்தால் பந்துமூட்டும் அதன் நெகிழிக் கிண்ணமும் சேதமடையும். ஆகவே கோலைக் கழற்றியே வளைக்க வேண்டும்.

எம்முறையாயினும் மரை போதிய நீளத்துக்குப் பிணைந்திருத்தல் இன்றியமையாதது. எஃகு மரைக்கு அதன் விட்டத்துக்குக் குறையாத நீளமும், அலுமினியக் குமிழுக்கு விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளமும் பிணைந்திருப்பது பொறியியல் வழக்கம். 10 மில்லிமீட்டர் மரை கொண்ட அலுமினியக் குமிழ் குறைந்தது 15 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். மூன்று நான்கு சுற்றுகளில் நிற்கும் குமிழ், வளைவில் கியர் மாற்றும்போது கையோடு கழன்று வந்துவிடும் ஆபத்து உண்டு.

## கையின் முழுப் பயணம்

குமிழின் உயரத்தைப் பற்றிய பேச்சில் கியருக்குக் கியர் உள்ள தொலைவே பெரும்பாலும் கவனிக்கப்படுகின்றது. ஆனால் ஓட்டுநரின் கை முதலில் திசைமாற்றுச் சக்கரத்திலிருந்து குமிழுக்கு வர வேண்டும், மாற்றிய பின் மீண்டும் செல்ல வேண்டும். குமிழ் தாழத் தாழ இந்தப் பயணம் நீள்கின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 30 மில்லிமீட்டர் தாழ்த்தியதால் ஒரு கியருக்குச் சேமிக்கப்பட்டது 10 மில்லிமீட்டர் மட்டுமே. அதற்காகச் சக்கரத்திலிருந்து கை போகவும் வரவும் நகரும் தொலைவு அதைவிட அதிகமாகக் கூடக்கூடும்.

இதன் காரணமாகவே பந்தய மரபைச் சார்ந்த பல தானுந்துகளில் குமிழ் உயர்த்தப்பட்டுள்ளது. ராலி தானுந்துகளில் மாற்றுக்கோல் திசைமாற்றுச் சக்கரத்துக்கு அருகே வரும்படி நீட்டப்படுவது வழக்கம். 2001இல் வெளிவந்த ஓண்டா சிவிக் டைப்-ஆர் தானுந்தில் மாற்றுக்கோல் முகப்புப் பலகையிலேயே அமைந்திருந்தது. போர்சு கரேரா ஜிடி தானுந்தின் மரக் குமிழும் சக்கரத்தை ஒட்டி உயரத்தில் வைக்கப்பட்டது. எடையைக் குறைக்கப் பால்சா மரக் குமிழ் பொருத்தப்பட்ட போர்சு 917 பந்தய வண்டியை நினைவூட்டும் வகையில் அது மரத்தால் செய்யப்பட்டது. இவற்றில் சுழலிடமும் சேர்த்து உயர்த்தப்படுவதால் கையின் வீச்சு நீள்வதில்லை.

இருக்கை தாழ்ந்து, கால்கள் முன்னே நீண்டு அமரும் விளையாட்டுத் தானுந்தில் ஓட்டுநரின் முழங்கையும் தாழ்ந்திருக்கும். அங்குத் தொழிற்சாலைக் குமிழ் சில ஓட்டுநர்களுக்கு மிக உயரமாக அமைந்து, தோளைத் தூக்க வைக்கும். அவ்வாறான நிலையில் குமிழைத் தாழ்த்துவது உண்மையான பயன் தருகின்றது. முழங்கை சற்று மடங்கியிருக்க, தோள் இருக்கையில் சாய்ந்தபடியே எல்லாக் கியர்களும் எட்டுவது பொருத்தமான உயரம் எனலாம். இரண்டாம், நான்காம் கியர்களில் கை பின்னுக்கு வரும்போது முழங்கை இருக்கையில் இடிக்கக் கூடாது.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் இடக்கையால் கியர் மாற்றப்படுகின்றது. பெரும்பாலோருக்கு இடக்கை வலிமை குறைந்த கை. முதல், இரண்டாம் கியர்களுக்குக் கோலை உடலிலிருந்து விலக்கித் தள்ளவும் வேண்டும். விசை கூடுவதன் விளைவு இங்கு எளிதில் உணரப்படும்.

## மாற்ற வேகத்தின் எல்லை

குமிழைத் தாழ்த்தினால் கியர் விரைவாக மாறும் என்ற கருத்து பரவலாக உள்ளது. மாற்ற நேரத்தின் ஒரு பகுதி கையின் நகர்வு. மற்றொரு பகுதி, சிங்க்ரோ வளையம் உராய்ந்து பற்சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமன் செய்ய எடுக்கும் நேரம். இப்பகுதி குமிழின் உயரத்தால் குறைவதில்லை. வேகம் சமன் ஆகும் முன் கோலை வலிந்து தள்ளினால் பித்தளை போன்ற மென்மையான உலோகத்தால் ஆன வளையம் தேயும். தேய்ந்த வளையம் அரைபடும் ஒலியாகவும், கியர் விழ மறுப்பதாகவும் வெளிப்படும். குட்டைக் கோலின் கூடிய விசைக்குப் பழகிய கை, எல்லா நேரமும் வலிந்து தள்ளும் பழக்கத்தைப் பெற்றுவிடுவதே இங்குள்ள இடர்.

## தவறான கியர் விழுதல்

குமிழ் தாழும்போது பக்கவாட்டு வரிசைகளுக்கு இடையே உள்ள தொலைவும் அதே விகிதத்தில் சுருங்குகின்றது. மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்குப் போகும் கை சற்று விலகினால் இரண்டாம் கியர் விழக்கூடும். நடுநிலைக்குக் கோலைத் திருப்பும் சுருள்வில்லின் தடையும் கையில் அதிகமாக உணரப்படுவதால் இவ்விடர் ஓரளவு ஈடாகின்றது. எனினும் வில் தளர்ந்த பழைய வண்டிகளில் அந்த உதவி கிடைப்பதில்லை.

விளைவு கடுமையானது. மூன்றாம் கியரின் விகிதம் 1.3, இரண்டாம் கியரின் விகிதம் 1.9 எனக் கொண்டால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் மூன்றாம் கியரில் ஓடும் எஞ்சின், இரண்டாம் கியர் விழுந்து கிளட்ச் விடப்பட்டவுடன் சுமார் 8,770 சுற்றுக்குத் தள்ளப்படும். சுற்று வரம்பி எரிபொருளை மட்டுமே நிறுத்த வல்லது. சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க இயலாது. அடைப்பிதழ்கள் உந்துருளையில் மோதி எஞ்சின் அழியலாம். ஓட்டும் சக்கரங்கள் திடீரென இறுகி, வண்டி நிலைகுலையவும் கூடும்.

## காஞ்சிபுரம் மாவட்டத்தில்

சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் 1953இல் தொடங்கப்பட்டது. அதன் பந்தயங்கள் நெடுங்காலம் சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுபாதையில் நடைபெற்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தடம் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று சென்னை பன்னாட்டுப் பந்தயத்தடம் என அறியப்படும் இதன் முழு நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு வடிவமைத்த ஃபார்முலா மாருதி எனும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள் இத்தடத்தில் ஓடின. 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் தொடக்ககாலத்தில் இங்கு ஃபார்முலா மாருதி ஓட்டியவர். இன்றைய ஃபார்முலா 4 வண்டிகளில் திசைமாற்றுச் சக்கரத்தின் பின்னுள்ள துடுப்புகளால் கியர் மாற்றப்படுவதால் குமிழே இல்லை.

பந்தயத்தடத்தை ஒட்டிய பகுதியில் ஹூண்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. 1996இல் இந்தியாவில் நிறுவப்பட்ட அந்நிறுவனம் 1998இல் சான்ட்ரோவை வெளியிட்டது. அதன் ஐ20 என் லைன் எனும் விளையாட்டு வகை 2021இல் வந்தபோது, கிளட்ச் மிதி இல்லாமல் கையால் கியர் மாற்றும் அமைப்பைக் கொண்டிருந்தது. 2023இல் அதற்குப் பதிலாக வழக்கமான ஆறு கியர் கைமாற்று அமைப்பு வழங்கப்பட்டது. கிளட்ச் மிதி இல்லாத அமைப்பில், ஓட்டுநர் கியர் மாற்ற முற்படுவதை மாற்றுக்கோலில் உள்ள உணரி அறிந்து கிளட்ச்சை இயக்கும். அத்தகைய கோலை வெட்டுவதோ வளைப்பதோ கூடாது.

ஒரே மாவட்டத்தில் உள்ள தடமும் நகரும் குமிழின் உயரத்துக்கு இருவேறு விடைகளைத் தருகின்றன. தடத்தில் ஒரு சுற்றுக்கான கியர் மாற்றங்கள் எண்ணத்தக்க அளவே. வண்டி பெரும்பாலும் மேல் கியர்களில் ஓடும். ஓட்டுநர் பட்டையால் இருக்கையோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பார். காஞ்சிபுரம் நகரில் பட்டுக் கடைகள் நிறைந்த காந்தி சாலையிலோ, வரதராசப் பெருமாள் கோயிலின் கருட சேவை நாளில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலோ வண்டி முதல், இரண்டாம் கியர்களுக்கு இடையே ஓயாது மாறிக்கொண்டிருக்கும். முதல் கியரில் சிங்க்ரோவின் சுமை அதிகம் என்பதால் விசையும் அங்குக் கூடுதலாகத் தேவைப்படும். தடத்தில் பொருட்படுத்தப்படாத 8 நியூட்டன், நெரிசலில் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செலவாகும்.

## கவனிக்க வேண்டியவை

* குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்கிப் பின்னோக்கு கியர் போடும் வண்டிகளில், வளையம் மேலே வர இடம் விட வேண்டும். இடம் இல்லையெனில் பின்னோக்கு கியர் விழாது. வளையம் தூக்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் பூட்டு செயலிழந்து, ஓடும்போது பின்னோக்கு கியருக்குக் கோல் செல்ல வழி ஏற்படும்.
* எல்லாக் கியர்களிலும், குறிப்பாகப் பின்னே இழுக்கும் கியர்களில், குமிழும் விரல்களும் மூடுபெட்டியில் இடிக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். இடித்தால் கியர் முழுமையாக விழாமல் ஓட்டத்தின்போது நழுவலாம்.
* தோல் உறை கோலின் அசைவைப் பின்னுக்கு இழுக்காதபடி தளர்வாக இருக்க வேண்டும்.
* கோடைக்காலத்தில் வெயிலில் நிறுத்திய வண்டியின் உலோகக் குமிழ் தொட இயலாத அளவு சுடும். நெகிழி, மரம், தோல் ஆகியவற்றால் ஆன குமிழ்கள் இவ்வகையில் ஏற்றவை.
* கியர் வரிசைப் படம் பொறிக்கப்படாத குமிழ், வண்டிக்குப் புதியவரான ஓட்டுநருக்குக் குழப்பம் தரும்.
* ஒரே வகை வண்டிகள் போட்டியிடும் பந்தயங்களில், விதிகள் இசைவளிக்கும் மாற்றங்களை மட்டுமே செய்யலாம்.

கோலை வெட்டும் முன், குட்டையான குமிழ் ஒன்றைச் சில நாட்கள் பொருத்தி, நகர நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பார்ப்பது பொருத்தமான உயரத்தை அறியச் செலவு குறைந்த வழியாகும். வெட்டிய இரும்பை மீண்டும் நீட்டுவது எளிதன்று.

## இவற்றையும் பார்க்க

* நெம்புகோல்
* பற்சக்கரம்
* கிளட்ச்
* இருங்காட்டுக்கோட்டை
* நரேன் கார்த்திகேயன்